மச்சினன் கையில் கயிறு

தங்கத்தாய்க்கு எங்கள் ஊரைப் பிடிக்கவே இல்லை. வந்த அன்றைக்கே என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"இங்கன என்னக்கா, ஓயாம தறிச் சத்தம். பக்கத்துல ஆள் வந்து நின்னாக்கூட கேக்காது போலுக்கே."

எனக்குச் சுருக்கென்றது. வேலையும் கொடுத்து, வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் ஒழித்துக் கொடுத்தவளிடம் பேசுகிற பேச்சா இது? "காது கேக்கதுக்கா வந்திருக்க? தாரைச் சுத்து ஏட்டி" என்றேன். சங்கரன்கோவிலில் நாலு விசைத்தறி வைத்துப் பிழைக்கிறவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குச்சிகளில் நூலை ஏற்றுவதைத்தான் தார் சுற்றுவது என்போம். உட்கார்ந்த இடத்து வேலை. மலையில் நடந்தே வளர்ந்தவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் ஆள் வந்து நிற்பது காதில் விழவேண்டும் என்று அவள் ஏன் சொன்னாள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

அவள் பளியர் பெண். சிவகிரிக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் முப்பது வீட்டுக் குடியிருப்பு அவளுடையது. புருஷன் பேச்சிராஜ் தேன் எடுக்கிறவன். அங்கே தோட்டக்காரர் ஒருவர் எலுமிச்சை வைக்கிறேன் என்று ஆரம்பித்து, வருஷத்துக்கு வருஷம் வேலியை மேலே மேலே நகர்த்தி, கடைசியில் இவர்கள் மலைக்குப் போகிற தடத்தையே அடைத்துவிட்டார். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு சுற்றுவழியில் போனார்கள். பேச்சிராஜ் போகமாட்டேன் என்றான். கிராமசபையில் எழுந்து பேசினான். ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தான். தோட்டத்து ஆட்கள் இரண்டு தடவை வழிமறித்துப் பயம்காட்டியும் பார்த்தார்கள். ஒருவழியாகத் தடத்தைத் திறக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த மாதத்திலேயே ஆள் போய்விட்டான். தேன்பாறையில் அவன் தொங்கிக்கொண்டிருக்கும்போது மேலே கயிற்றை வெட்டிவிட்டார்கள்.

பேப்பரில் நாலு வரி வந்தது, தேன் எடுக்கச் சென்றவர் தவறி விழுந்து பலி என்று. அறுந்த கயிறு எது, வெட்டின கயிறு எது என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். குடியிருப்பு ஆட்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷன் வாசலில் படுத்த பிறகுதான் அதைக் கொலை என்று எழுதினார்கள். மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரே வெட்டு.

அவர்கள் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பாறையில் இறங்குகிறவனுக்கு மேலே கயிற்றைக் காவல் காப்பவன் மச்சினன்தான். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பியைக்கூட அந்த இடத்தில் நிறுத்தமாட்டார்கள். அண்ணன் தம்பிக்குள் பகை வரலாம். ஆனால் கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் சம்மதிக்கமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. இறங்கினவன் ஏறி வருகிறவரை மச்சினன் அங்கேயிருந்து அசையக்கூடாது. மழை கொட்டினாலும் சரி, பக்கத்தில் யானை பிளிறினாலும் சரி. விட்டுவிட்டுப் போனான் என்றால் அத்தோடு சரி. அவன் கையால் யாரும் தண்ணீர் வாங்கமாட்டார்கள், அவன் வீட்டில் சம்பந்தம் செய்யமாட்டார்கள், அவனை ஏசக்கூட மாட்டார்கள். எதிரே வந்தால், அங்கே ஆளே இல்லாதது மாதிரி தாண்டிப் போவார்கள்.

அன்றைக்கு மேலே நின்றவன் தங்கத்தாயின் தம்பி வீரபாண்டி.

கரண்டு போன ஒரு மத்தியானம் அவள் என்னிடம் சொன்னாள். தறியெல்லாம் நின்றுபோய், வீடு அமைதியாக இருந்தது. அவளுக்கு அந்த அமைதி வேண்டியிருந்தது போல.

"தோட்டத்து ஜீப் டிரைவர் மேல ஏறி வந்திருக்கான்க்கா. ஒம் பொண்டாட்டிய ரேஞ்சர் பிடிச்சு வச்சிருக்காரு, வயித்துப்பிள்ளக்காரிய அடிக்காங்க, ஓடுலேன்னு சொல்லியிருக்கான். இவன் கயித்த மரத்துல நல்லா இறுக்கிட்டு ஓடிட்டான். கீழ வந்து எட்ட நின்னு பாத்தா அவ குடிசைல கஞ்சி காச்சிக்கிட்டு இருக்கா, இவனக் கவனிக்கல. திரும்ப ஏறிப் போனான். மரத்துல ஒரு முழக் கயிறுதான் தொங்குச்சு."

"போலீஸ்ல இதச் சொன்னானா?"

"அங்கன சொல்லிட்டான். அத வச்சுத்தான் டிரைவரப் பிடிச்சாங்க. எங்க ஆளுககிட்ட சொல்லல. கயித்த விட்டு அசையவே இல்ல, எவனோ பாறை இடுக்குல பதுங்கியிருந்து வெட்டிட்டான்னு நாந்தான் சொன்னேன். நீங்களும் யார்ட்டயும் மூச்சு விடாதீய."

புருஷன் எரிந்த சாம்பல் ஆறும் முன்னே தம்பியைக் காப்பாற்ற ஓடியிருக்கிறாள். அவன்மேல் ஒரு சொட்டுக் கோபமாவது இருக்குமா என்று முகத்தைப் பார்த்தேன். இருந்தது. இருந்தும் அவனை விடவில்லை. தோட்டத்து ஆட்களுக்குப் பயந்துதான் குடியிருப்பை விட்டு இங்கே வந்தாள். வாராவாரம் தம்பி வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கிக் கொடுத்தனுப்புவாள். தம்பிக்கு அதற்குள் பெண்பிள்ளை பிறந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் பெனிட்டா வந்தாள். சென்னைப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். எங்கள் வீட்டை ஒட்டி, நஷ்டப்பட்டு மூடிப்போன பெரிய தறிக்கூடம் ஒன்று உண்டு. அதை வாடகைக்குப் பிடித்தாள். காட்டுக்காகவும் மலைக்காகவும் நின்று கொலையுண்டுபோன பழங்குடிகளுக்கு நினைவு செய்யப்போகிறேன், இன்ஸ்டலேஷன் என்றாள். எனக்கு மோட்டார் மாட்டுகிற இன்ஸ்டலேஷன்தான் தெரியும். அவள் பொறுமையாகச் சொன்னாள். நாடு முழுக்க அப்படிச் செத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கயிறு. உத்தரத்திலிருந்து தொங்கும். அந்தந்த வீட்டு ஆட்களே அவர்கள் வழக்கப்படி கையால் முறுக்கியது. பார்க்க வருகிறவர்கள் கயிறுகளுக்கு ஊடே நடந்து போகவேண்டும். பேச்சிராஜ் செத்த விதத்தைக் கேள்விப்பட்டுத்தான் கயிறு என்ற யோசனையே அவளுக்கு வந்ததாம். அதனால்தான் முதலில் இந்த ஊரில்.

அந்தப் பிள்ளை கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு ஆறியிருப்பேன். மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். தங்கத்தாயின் காலில் ஆணி இருப்பதைப் பார்த்துவிட்டுச் செருப்பு வாங்கி வந்தாள். தங்கத்தாய்க்கு அவள்மேல் உயிர்.

அவர்கள் கயிறு முறுக்குகிற காட்டுக்கொடியை வெட்டிக் கொண்டுவர வனத்துறை அனுமதி கிடைக்கவில்லை. சரி என்று தறிக்கூடங்களில் மிஞ்சுகிற கழிவுநூலை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். பேச்சிராஜுக்குக் கயிறு முறுக்க ஒரு வேன் வைத்துக் குடியிருப்பு ஆட்களையே அழைத்துவந்தாள் பெனிட்டா. பெரியவர்கள், பெண்டுபிள்ளைகள், வீரபாண்டி எல்லாரும் வந்தார்கள். கொடியை முறுக்கிப் பழகின கைகள் நூலை முறுக்கின. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக, சேலைக் கடையில் இருப்பது போல ஒரு கயிறு வளர்ந்தது. நானும் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முறுக்கி முடித்ததும் பெனிட்டா தங்கத்தாயின் எதிரே உட்கார்ந்து போனில் பதிவு போட்டாள். மச்சினன் வழக்கத்தைக் கேட்டாள். தங்கத்தாய் பெருமையாகவே சொன்னாள். பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்ல முடியுமா அக்கா? கஷ்டமா இருந்தா வேணாம்."

தங்கத்தாய் சுற்றிப் பார்த்தாள். அவள் ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். வீரபாண்டி கயிற்று நுனியைக் கட்டிக்கொண்டே தலையைக் குனிந்திருந்தான். கை நின்றுபோயிருந்தது.

"கயிறு கடைசிவரைக்கும் எந்தம்பி கையிலதான் இருந்துச்சு" என்றாள். "அவன் அசையல. வேற ஒருத்தன் கை அந்தக் கயித்துல பட்டதில்ல."

அன்று அவர்கள் போன பிறகு கேட்டேன். "ஏட்டி, அப்படியா சொல்லுவ? அது எங்கெல்லாம் போகுமோ."

"எங்க ஆளுக முன்னால கேட்டுட்டாளேக்கா. வேற என்னத்தச் சொல்லுதது?"

திறப்புவிழா அன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. கல்லூரிப் பிள்ளைகள், சங்கத்துக்காரர்கள், கதர் ஜிப்பா போட்டவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்த எங்கள் தெருக்காரர்கள் என்று கூடம் நிறைந்துபோனது. உத்தரத்திலிருந்து கயிறுகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் நின்றன. முகத்தில் ஒன்று படும், தோளில் ஒன்று உரசும். சுரங்கத்தை எதிர்த்த வடக்கத்திக் கிழவர் ஒருவருக்குப் புல்லில் பின்னினது, அணைக்கு நிலம் தரமாட்டேன் என்ற பெண்ணுக்கு மூங்கில் நாரில் பின்னினது. நான் கிண்டல் செய்யப் போனவள். அங்கே ஒவ்வொரு கயிறாக நின்று நின்று பார்த்தேன். இத்தனை பேரைக் கொன்றிருக்கிறார்களே, நமக்கு ஒருத்தர் பெயரும் தெரியாதே என்று வெட்கமாக இருந்தது.

பேச்சிராஜின் கயிறு நடுவில். அதை மட்டும் உத்தரத்தில் கட்டவில்லை. பரண் மாதிரி ஒரு மேடை போட்டு, வீரபாண்டியை அதில் நிறுத்தி, அவன் கையில் கொடுத்திருந்தாள் பெனிட்டா. திறப்பு நேரம் முழுக்க அவன் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். அவனைக் கேட்டுத்தான் செய்தாள். அவனும் சரி என்றுதான் சொன்னான். அவன் ஆட்களுக்கு முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்?

கீழே எதையும் தாங்காத கயிறு அது. ஆனாலும் அவன் அதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான். வியர்வை முகவாயிலிருந்து சொட்டியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. ஒரு கல்லூரிப் பையன் கீழே இருந்து கயிற்றை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். வீரபாண்டி பாறை விளிம்பில் நிற்கிறவன் போல இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு உறுமினான். கூட்டம் கைதட்டியது. அவன் ஆட்களில் ஒரு பெரியவர், "எப்படி நிக்கான் பாத்தியா" என்று தங்கத்தாயிடம் சொன்னார். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

மேடைக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் ஆள் உயரத்துக்கு அவள் வார்த்தை எழுதப்பட்டிருந்தது. கயிறு கடைசிவரைக்கும் எந்தம்பி கையிலதான் இருந்துச்சு. வேற ஒருத்தன் கை அந்தக் கயித்துல பட்டதில்ல. கீழே அவள் பெயர். பலபேர் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையும் எடுத்தான். அவன் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்து வந்ததெல்லாம் மளமளவென்று வந்தது. கண்காட்சி சென்னைக்குப் போனது. தோட்டக்காரரின் வக்கீல் அந்தச் சுவர்ப் படத்தைப் போலீசில் கொண்டுபோய்க் கொடுத்தார். செத்தவனின் பெண்டாட்டியே சொல்கிறாள், மச்சினன் கயிற்றை விட்டு அசையவில்லை என்று. அப்படியானால் டிரைவர் கூப்பிட்டுப் போனேன் என்று வீரபாண்டி சொன்னது பொய். வெட்டு விழுந்தது மரத்திலிருந்து ஒரு முழத்தில். அங்கே நின்றவன் ஒருத்தன்தான். போலீசுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? டிரைவர் வெளியே வந்தான், வீரபாண்டி உள்ளே போனான். குடிபோதையில் தேன் பங்கில் தகராறு என்று காரணமும் கண்டுபிடித்தார்கள். அவன் வாழ்நாளில் குடித்ததில்லை.

வழக்கு நடந்தது. தங்கத்தாயையே அரசுத் தரப்பு சாட்சியாகக் கூப்பிட்டார்கள். நான்தான் கூடப் போனேன். கோர்ட்டுக்குள் போனால், பின்வரிசையில் அவள் குடியிருப்பே உட்கார்ந்திருந்தது. தம்பிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வந்தவர்கள். அவர்களுக்கு வீரபாண்டிமேல் சந்தேகமே கிடையாது. வெட்டினது தோட்டத்து ஆள் என்று அவர்களில் கைப்பிள்ளைக்கும் தெரியும். பொய்க் கேஸில் மாட்டிக்கொண்ட பையன் என்றுதான் அவனைத் தாங்கினார்கள். கயிற்றை விட்டுப் போனதாக அவன் போலீசில் சொன்னது காதில் விழுந்தும், அடித்து எழுதி வாங்கினது என்றே நினைத்தார்கள்.

அரசு வக்கீல் படத்தைக் காட்டினார். "ஏம்மா, இது நீ சொன்னதுதானே?"

"நாஞ் சொன்னதுதான்."

"உன் தம்பி கயித்தை விட்டு அசையல. அப்படித்தானே?"

உண்மையைச் சொன்னால் தம்பி தூக்குக்கும் ஆயுளுக்கும் தப்பலாம். பின்னால் இருக்கிறவர்களிடம் அவன் கதை முடிந்துவிடும். பொய்யையே சொன்னால் எதிர்மாறாக நடக்கும். அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மனசுக்குள் எங்கள் ஊர்ச் சாமி சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டேன்.

"பொய் சொன்னேன்யா" என்றாள். "எந்தம்பி கயித்த விட்டுட்டுப் போயிட்டான். டிரைவர் கூப்பிட்டான்னு போயிட்டான். அவன் அங்கன இல்லவே இல்ல. எங்க ஆளுககிட்ட அவனுக்கு அவமானம் வரக்கூடாதுன்னு பொய் சொன்னேன்."

 அன்றைக்கு மேடையைப் பார்த்து மெச்சிய அந்தப் பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவர் பின்னாலேயே எல்லாரும் எழுந்தார்கள். வீரபாண்டியின் பெண்டாட்டியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். ஒருத்தரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

வீரபாண்டி அவர்களைப் பார்த்தான். பிறகுதான் கத்தினான்.

"அக்கா பொய் சொல்லுது. நான் போகல. கயித்த நான் விடவே இல்ல."

நீதிபதி அவனை அடக்கினார். அவன் முறை வந்தபோது, என்ன சொல்கிறாய் என்று நிதானமாகக் கேட்டார். இலவசமாக வாதாடிய வக்கீல் வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவன் அதையேதான் சொன்னான். டிரைவர் வந்தது பொய், போலீசில் பயந்துபோய்ச் சொன்னேன், கயிறு கடைசிவரை என் கையில்தான் இருந்தது. அப்படியென்றால் வெட்டியது யார் என்றதற்கு, தெரியாது என்றான். செய்யாத கொலைக்கு ஜெயிலுக்குப் போவதில் அவனுக்கு அவமானம் கிடையாது. செய்த காரியம் கயிற்றை விட்டதுதான். அது மட்டும் யார் வாயிலும் வரக்கூடாது அவனுக்கு. எனக்கு எழுந்துபோய் அவனை நாலு சாத்து சாத்த வேண்டும் போல இருந்தது.

கோர்ட் அவன் சொன்ன பொய்யை எடுத்துக்கொண்டது. அக்காள் தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று எழுதி, ஆயுள் தண்டனை கொடுத்தது. குடியிருப்பு அவள் சொன்ன உண்மையை எடுத்துக்கொண்டது. கூடப்பிறந்தவனைப்பற்றி அப்படி ஒரு வார்த்தையை எந்த அக்காளும் வீணாகச் சொல்லமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வாரமே அவன் குடிசையைப் பிரித்துப்போட்டார்கள். அவன் பெண்டாட்டி பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெனிட்டா ஓடி வந்தாள். தங்கத்தாயின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுவரில் இருப்பதை அழித்துவிட்டேன் என்றாள். "நீ என்னம்மா செய்வ" என்று தங்கத்தாய்தான் அவளைத் தேற்றினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் உள்ளே போய்த் தறியைப் போட்டுவிட்டேன்.

அப்பீலுக்கு ஒரு நல்ல வக்கீலைப் பெனிட்டாவே பிடித்துக் கொடுத்தாள். நம்பிக்கை இருக்கிறது, அவன் உண்மையைச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் அவர். அந்த ஒரு கையெழுத்துக்காக நானும் தங்கத்தாயும் பாளையங்கோட்டை ஜெயிலில் மனுப் போட்டு அவனைப் பார்க்கப் போனோம். வழியெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தேன். வேற பேச்சு எடுக்காத, அழாத, மொதல்ல கையெழுத்து. சரிக்கா, சரிக்கா என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

கம்பிக்கு அந்தப்பக்கம் அவன் வந்து நின்றான். பாதி ஆளாகிப் போயிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. இவள் வாயைத் திறக்கும் முன்னே அவன் கேட்டான்.

"நம்ம ஆளுக என்ன சொல்லுதாக?"

நான் அவள் முழங்கையை இடித்தேன். அவள் கம்பியில் விரலைக் கோர்த்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"நாந்தான் பொய் சொல்லிட்டேன்னு என்னத்தான் ஏசுதாகலே" என்றாள். "ஒன்ன ஒண்ணும் சொல்லல. அவன் கயித்த விடமாட்டான்னு பெரியவர் எல்லார் முன்னாலயும் சொன்னாரு. ஒம் பொண்டாட்டி பிள்ளைய அவுகதான் பாத்துக்கிடுதாக. குடிச அப்படியே இருக்கு."

அவன் இப்போதுதான் நிமிர்ந்தான். கன்னம் அசைந்தது. சிரிக்கிறான் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"பெரியவரா சொன்னாரு?"

"பெரியவர்தான்."

அதற்குப் பிறகுதான் அவள் அப்பீல் பேச்சை எடுத்தாள். வக்கீல் பெயரைச் சொன்னாள், எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்றாள், பெனிட்டா செலவைப் பார்த்துக்கொள்வாள் என்றாள். மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு, சின்ன வயதில் அவளிடம் இப்படித்தான் பேசியிருப்பான் போல, அவ்வளவு பதமாகச் சொன்னான்.

"வேண்டாம்க்கா. அப்பீல்னா நான் கயித்த விட்டுட்டுப் போனேன்னு எம் வாயால சொல்லணும். ஊர்ல நல்லபடியா நெனச்சிருக்காக. இப்படியே இருந்துட்டுப் போறேன்."

நேரம் முடிந்தது என்று காவலர் வந்து அவன் தோளைத் தொட்டார். தங்கத்தாய் கம்பியை விடவில்லை. சொன்னது பொய், குடிசை இல்லை, உன் பெயரை அங்கே எவரும் எடுப்பதில்லை, கையெழுத்தைப் போடு என்று அவள் சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரும்பி ஒரு தடவை சிரித்துவிட்டு உள்ளே நடந்தான். அவள் சொல்லவில்லை.